கடுகு வெடிக்கும்போது என்ன நடக்கிறது?

ஊறுகாயில் நெடியேறும் கடுகு, தாளிக்கும்போது மட்டும் ஏன் சாதுவாகிவிடுகிறது என்று சுங்கை சிப்புட்டுப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

தாளிப்பு என்றால் என்னவென்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதித்து அந்த வெப்பத்திலேயே நின்றுவிடும்; நம் அடுப்படிகளில் புழங்கும் செம்பனை எண்ணெயோ 200 பாகை வரை சூடானாலும் எளிதில் புகைவதில்லை. மசாலாப் பொருள்களின் மணச்சத்துகளில் பெரும்பாலானவை நீரைவிட எண்ணெயில் நன்றாகக் கரைவதால், தாளித்துக் கொட்டிய பருப்பு மணக்கிறது.

கடுகின் உறைப்பு விதைக்குள் ஆயத்தமாக இருப்பதில்லை என்பதுதான் இதில் வியப்பு. கருப்புக் கடுகிலும் பழுப்புக் கடுகிலும் சினிக்ரின் என்ற பொருளும், அதைச் சிதைக்கவல்ல மைரோசினேஸ் என்ற நொதியும் தனித்தனி அறைகளில் அடைபட்டுள்ளன. கடுகை அரைத்து ஈரம் சேரும்போது அறைகள் உடைந்து, இரண்டும் கலந்து, அல்லைல் ஐசோதயோசயனேட் உண்டாகிறது. மூக்கில் ஏறும் நெடி அதனுடையதே. கடித்துத் தின்ன வரும் பூச்சிகளுக்கு எதிராகச் செடி வைத்திருக்கும் தற்காப்பு இது.

காய்ந்த எண்ணெயிலும் அறைகள் உடைகின்றன. விதைக்குள் உள்ள சிறிதளவு ஈரம் ஆவியாகி, வெளியேற வழியின்றி அழுத்தம் பெருகி, தோலைப் பிளக்கிறது. ஆனால் நொதி ஒரு புரதம். அந்தச் சூட்டில் அது உருக்குலைந்து செயலிழந்துவிடுகிறது. கதவு உடைபடும் நேரத்தில் காவலாள் உயிரோடில்லாத வீட்டைப் போன்றதாகிவிடுகிறது கடுகு. உறைப்பு பிறக்க வழியில்லாமல், வறுபட்ட பருப்பின் சுவையே மிஞ்சுகிறது.

திருஷ்டி கழிக்க நெருப்பில் போடும் கடுகு படபடவென்று வெடித்தால் கண்ணேறு கடுமையாம். வெடிப்பது உள்ளேயிருந்த ஈரந்தான்; அண்டைவீட்டுக்காரரின் பொறாமைக்கு அதில் பங்கில்லை என்பதே என் கருத்து.

உளுத்தம்பருப்பு சிவப்பதற்கு, பிரெஞ்சு வேதியியலாளர் மயார் 1912இல் விளக்கிய, சர்க்கரைக்கும் அமினோ அமிலங்களுக்கும் இடையிலான வினை காரணம். கறிவேப்பிலை மெல்லியதாகையால் விரைவில் கருகும். அதைக் கடைசியில் போடுவது அதனால்தான்.

வாசகிக்கு ஒரு குறிப்பு: பச்சடியில் கடுகின் உறைப்பு வேண்டுமென்றால், பச்சைக் கடுகைக் குளிர்ந்த நீர் விட்டு அரைத்துச் சற்று நேரம் விட்டுவையுங்கள், கொதிநீர் ஊற்றினால் அதே நொதி அங்கேயும் அழிந்துவிடும்.