முயல்குட்டிக்கு உங்கள் வீடு எங்கே முடிகிறது?

கொழும்பின் தொடர்மாடி வீடுகளில் முயல்குட்டி வளர்ப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இரண்டு முறைப்பாடுகள் கட்டாயம் வரும். கண்ட இடமெல்லாம் புழுக்கை போடுகிறது. கதவு ஒரு சாண் திறந்தால் ஆளைக் காணோம். முதலாவதுக்கு ஏச்சு விழும், இரண்டாவதுக்குக் கூட்டைப் பூட்டிவிடுவார்கள். இரண்டும் முயலுக்கு விளங்காத தண்டனைகள். அது செய்வதெல்லாம் தன் எல்லை எதுவரை என்று மூக்கால் கணக்குப் போடுவதுதான். புழுக்கையும் அந்தக் கணக்கில் வருகிறது, ஓட்டமும் அதில்தான் வருகிறது.

நாம் வீட்டில் வளர்க்கும் வெள்ளை, சாம்பல், புள்ளி முயல்கள் எல்லாமே ஐரோப்பிய முயலின் வழிவந்தவை. அதன் பூர்வீகம் ஸ்பெயினும் போர்த்துக்கலும் உள்ள ஐபீரியத் தீபகற்பம். வன்னிப் பற்றைகளில் பாய்ந்தோடும் காட்டு முயல் இதற்குத் தூரத்து உறவு மட்டுமே. அதற்கு 48 நிறமூர்த்தங்கள், இதற்கு 44; இரண்டும் சேர்ந்து குட்டி போடாது. காட்டு முயல் வளை தோண்டாமல் புல்லுக்கிடையே ஒரு பள்ளத்தில் படுத்திருக்கும். ஐரோப்பிய முயலோ நிலத்துக்கு அடியில் பல வாசல்கள் உள்ள வளையில் கூட்டமாக வாழும். படுக்கும் இடத்தை அது அசுத்தப்படுத்த விரும்பாது. வெளியே சில குறிப்பிட்ட இடங்களில் திரும்பத் திரும்பப் புழுக்கை போட்டுக் குவிக்கும். குதவாயின் அருகிலுள்ள சுரப்பிகள் அந்தப் புழுக்கையில் மணம் பூசிவிடுவதால், குவியல் ஒவ்வொன்றும் அந்தக் கூட்டத்தின் எல்லைக்கல் ஆகிவிடுகிறது. தாடையின் கீழும் ஒரு சுரப்பி உண்டு. கதிரைக் காலிலும் உங்கள் செருப்பிலும் முயல் தாடையைத் தேய்ப்பது கொஞ்சல் என்று பலர் நினைக்கிறார்கள். அது செருப்பைத் தன் சொத்தில் சேர்த்துக்கொள்கிறது.

ஆக, ஒரே இடத்தில் போகும் பழக்கம் குட்டிக்குள் ஏற்கெனவே இருக்கிறது. அந்த இடம் நமக்கு வசதியான இடமாக அமைவதுதான் நம் வேலை.

ஒரு முயல் நாளொன்றுக்கு 200 முதல் 300 புழுக்கை வரை போடும். எண்ணிக்கை பயமுறுத்தினாலும் அவை காய்ந்த நார் உருண்டைகள்தான். மணம் மிகக் குறைவு, தும்புத்தடியால் கூட்டி அள்ளிவிடலாம். புது வீட்டுக்கு வந்த முதல் நாட்களில் சுவரோரமாக ஒன்றிரண்டாகச் சிதறிக் கிடப்பவை பெரும்பாலும் எல்லை குறிக்கும் புழுக்கைகள். இடம் தன்னுடையது என்று நிச்சயமானதும் அவை தானாகக் குறையும். இன்னொரு வகையும் உண்டு. முயலின் பெருங்குடல் நாரையும் நுண்துகள்களையும் பிரிக்கிறது. நார் புழுக்கையாக வெளியேறும். நுண்துகள்கள் பின்னோக்கிக் குருட்டுக்குடலுக்குத் தள்ளப்பட்டு அங்குள்ள பக்றீரியாக்களால் நொதிக்கும். பிறகு சின்னக் கறுப்புத் திராட்சைக் குலை மாதிரி மினுமினுப்பான மென்மலமாக வரும். புரதமும் பி வகை விற்றமின்களும் நிறைந்த இதை முயல் நிலத்தில் விழவிடாமல் நேரே வாய்வைத்து உண்டுவிடும். பார்க்க அருவருப்பாக இருந்தாலும் தடுக்கக் கூடாது. தரையில் இந்தக் குலைகள் நசிந்து கிடந்தால் குற்றம் பழக்கத்தில் இல்லை, சாப்பாட்டில். பாண், சோறு, பிஸ்கட், வாழைப்பழம் என்று வீட்டில் ஆளுக்கொரு துண்டு கொடுப்பார்கள். மாப்பொருளும் சீனியும் கூடும்போது குருட்டுக்குடலின் சமநிலை குழம்பிவிடும்.

உண்மையான தலையிடி சிறுநீர்தான். பெரும்பாலான பாலூட்டிகள் உணவிலிருந்து தேவையான கல்சியத்தை மட்டும் குடலில் உறிஞ்சும். அவை சிறுநீரில் வெளியேற்றும் கல்சியம் 2 சதவீதத்துக்கும் குறைவு. முயல் கிடைத்ததையெல்லாம் உறிஞ்சிவிட்டு, மிஞ்சியதைச் சிறுநீரில் தள்ளுகிறது. உட்கொண்ட கல்சியத்தில் 45 முதல் 60 சதவீதம் வரை அப்படிப் போகிறது. அதனால்தான் முயல் சிறுநீர் சுண்ணாம்புத் தண்ணீர் போலக் கலங்கலாக இருக்கிறது, தரை டைல்ஸில் காய்ந்தால் வெள்ளைப் படலமாக ஒட்டிக்கொள்கிறது. அதைச் சவர்க்காரத்தால் தேய்த்துப் பயனில்லை, வினாகிரி ஊற்றினால் கரையும். சில நாட்களில் சிறுநீர் செம்மஞ்சளாகவோ சிவப்பாகவோ வரலாம். இரத்தம் என்று பதறவேண்டாம், பல வேளைகளில் அது தின்ற இலைகளின் நிறமிதான். ஆனால் முக்கி முக்கி, சொட்டுச் சொட்டாகப் போனால் அது வேறு கதை, உடனே காட்டவேண்டும்.

சரி, பழக்குவது எப்படி? முதலில் முழு வீட்டையும் திறந்துவிடாதீர்கள். ஓர் அறையின் ஒரு பகுதியை மட்டும் மறித்துக் கொடுத்து, குட்டி எந்த மூலையில் சிறுநீர் கழிக்கிறது என்று பாருங்கள். மூலையைத் தெரிவு செய்வது முயல்தான். அதோடு வாதாடிப் பயனில்லை. அந்த மூலையிலேயே தட்டை வையுங்கள். செல்லப்பிராணிக் கடைகளில் விற்கும் முக்கோணத் தட்டு பார்க்க அழகு, ஆனால் வளர்ந்த முயலின் உடம்பு அதில் அடங்காது. உடுப்புத் தோய்க்கும் பிளாஸ்டிக் பேசின் நன்றாக வேலை செய்யும். குட்டி ஏறுவதற்கு ஒரு பக்கத்தை மட்டும் தாழ்வாக வெட்டி விளிம்பைத் தேய்த்துவிடுங்கள். ஆண் முயல் பின்பக்கத்தை உயர்த்திச் சிறுநீர் கழிப்பதால் மற்ற மூன்று பக்கமும் உயரமாக இருக்கவேண்டும்.

உள்ளே பத்திரிகைத் தாளைப் பல மடிப்பாகப் போட்டு, மேலே காய்ந்த புல் பரப்பினால் போதும். பூனைக்கென்று விற்கும், ஈரம் பட்டால் கட்டியாகும் களிமண் மணல் வேண்டவே வேண்டாம். முயல் அதைக் கொறித்து விழுங்கினால் குடலுக்குள்ளும் கட்டியாகும். மர ஆலைச் சீவலிலும் எனக்கு நம்பிக்கையில்லை. பைன் போன்ற மரங்களின் பச்சைச் சீவலிலிருந்து வரும் பீனோல் ஆவி முயலின் ஈரலைப் பாதிக்கும். ஆலையிலிருந்து வரும் மூட்டையில் எந்தெந்த மரம் கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

நனைந்த தாளின் ஒரு துண்டையும் கொஞ்சம் புழுக்கையையும் பேசினுக்குள் போட்டுவிடுங்கள், அந்த மணமே வழிகாட்டும். வெளியே விழுந்ததை வினாகிரியால் மணம் போகத் துடையுங்கள். பிறகு புல்லை, பேசினுக்குள் இருந்தபடியே எட்டித் தின்னும் உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். முயல் தின்றுகொண்டே புழுக்கை போடும் பிராணி. இந்த ஒரு மாற்றம் மட்டுமே பல வீடுகளில் பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். திமோத்தி புல் விலைக்கு வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. வாகனப் புகையும் மருந்தும் படாத இடத்தில் அறுத்த கினிப்புல்லும் நல்ல நார்தான். பேசினில் தவறாமல் போகத் தொடங்கிய பிறகு மறிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விரியுங்கள். திரும்ப வெளியே போகத் தொடங்கினால் இடம் அவசரமாகப் பெருத்துவிட்டது என்று அர்த்தம். ஒரு படி பின்வாங்குங்கள்.

கொழும்புக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. சிறுநீரிலுள்ள யூரியாவை பக்றீரியாக்கள் அமோனியாவாக மாற்றும், இந்த ஈரக் காற்றில் அது வேகமாக நடக்கும். பேசின் விளிம்பின் உயரத்தில்தான் முயலின் மூக்கும் இருக்கிறது. நமக்கு மணம் வருவதற்கு முன்பே அதன் சுவாசப்பாதை எரியத் தொடங்கியிருக்கும். தாளைத் தினமும் மாற்றவேண்டும். கம்பிவலைத் தளம் உள்ள கூடு இதற்குத் தீர்வு என்று விற்பார்கள். முயலின் பாதத்தில் நாய்க்கும் பூனைக்கும் உள்ள மெத்தை கிடையாது, வெறும் உரோமம்தான். கம்பியில் நின்றால் புண் வரும்.

கட்டிலில் சிறுநீர் கழிப்பதைப் பலர் பழிவாங்கல் என்கிறார்கள். மென்மையான, உறிஞ்சும், வீட்டாரின் மணம் நிறைந்த இடம் அது. முயலின் கணக்கில் உரிமை கொண்டாட அதைவிட நல்ல இடம் இல்லை. அறைக் கதவைச் சாத்திவிடுங்கள்.

நன்றாகப் பழகிய குட்டி 3 முதல் 6 மாதத்துக்குள் திடீரென்று எல்லாவற்றையும் மறந்ததுபோல் நடக்கும். பருவம் வந்துவிட்டது. ஆண் சிறுநீரைப் பீச்சி அடிக்கும், உங்கள் காலைச் சுற்றி ஓடும். பெண் மூலைகளைத் தோண்டும், எட்டிப் பார்த்தால் உறுமும். இங்கே பேசினை நகர்த்திப் பயனில்லை, காரணம் ஓமோன். கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்த முயல்களில் சில வாரங்களில் இது தணிகிறது. பெண்ணுக்கு இன்னொரு நன்மை: வயது ஏற ஏறக் கருப்பைப் புற்றுநோய் வரும் ஆபத்து முயலில் மிக அதிகம், கருப்பையை எடுத்துவிட்டால் அது இல்லை. எல்லா மிருக வைத்தியரும் முயலுக்கு மயக்கமருந்து கொடுத்துப் பழகியவர்கள் அல்லர். கேட்டுப் பார்த்துப் போங்கள். ஒரு எச்சரிக்கை. இரண்டும் பெண் என்று கடையில் சொல்லித் தந்த சோடி பல வேளைகளில் அப்படி இருப்பதில்லை. பெண் முயலுக்குப் புணர்ச்சியே கருமுட்டையை வெளியேற்றும் தூண்டுதல், கர்ப்பகாலம் வெறும் 31 நாள், குட்டி ஈன்ற அன்றே மறுபடி கருத்தரிக்கவும் முடியும்.

ஓட்டத்துக்கு வருவோம். வளையில் வாழும் விலங்குக்கு ஒவ்வொரு துவாரமும் ஒரு வாசல். அதை முகர்ந்து பார்க்காமல் விட்டால் ஆபத்து வேளையில் எங்கே ஓடுவது? கதவிடுக்கை அது சோதிப்பது உங்கள் வீடு பிடிக்காததால் அல்ல. நேரமும் முக்கியம். முயல் பகலிலும் நள்ளிரவிலும் அடங்கிக் கிடந்து, விடியலிலும் அந்தியிலும் துள்ளும். பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருக்கும் நமக்கு அந்த நேரங்கள் ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டியே வரும். அதாவது பாண் ஓட்டோவின் இசை கேட்டுக் கதவைத் திறக்கும் நேரம், பாடசாலை வான் வரும் நேரம், வேலைவிட்டு வருபவர் பையோடு வாசலில் நிற்கும் நேரம். அந்த ஒரு மணித்தியாலம் மட்டும் முயல் மறிப்புக்குள் இருந்தால் பெரும்பாலான ஓட்டங்கள் நடக்கவே மாட்டா.

அப்புறம் வெப்பம். முயலுக்கு வியர்க்காது; பெரிய காதுகளின் இரத்தக் குழாய்கள் வழியாகத்தான் உடற்சூட்டின் பெரும்பகுதியை வெளியேற்றும். சுற்றியுள்ள காற்று 30 பாகை செல்சியஸைத் தாண்டினால் அந்த வழியும் சரிவர வேலை செய்யாது. கொழும்பின் பகல் ஆண்டு முழுக்க அந்த எல்லையில்தான் நிற்கிறது. மார்ச், ஏப்ரலில் கேட்கவே வேண்டாம். மதியத்தில் கூட்டை உடைத்துக் குளியலறைக்கு ஓடும் முயல் அடம்பிடிக்கவில்லை, குளிர்ந்த சீமெந்தைத் தேடுகிறது. மறிப்புக்குள் ஒரு மாபிள் துண்டும், துணியில் சுற்றிய ஐஸ் போத்தலும், காற்றோட்டமும் இருந்தால் அந்தத் தேவை குறையும்.

மறிப்பின் அளவுகள்: குட்டியின் தலை நுழையும் இடத்தில் உடலும் நுழையும், ஆகவே கம்பி இடைவெளி 2.5 சென்ரிமீற்றருக்கு மேல் போகக் கூடாது. வளர்ந்த முயல் 60 சென்ரிமீற்றரைச் சுலபமாகத் தாண்டும். சுவீடனில் நடக்கும் முயல் பாய்ச்சல் போட்டிகளில் ஒரு மீற்றர் கம்பத்தையே தாண்டியிருக்கின்றன. முன்பற்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் வளர்வதால் எதையாவது கடித்தே ஆகவேண்டும். நைலோன் வலை ஓரிரவுக்குத் தாங்காது, தரையில் கிடக்கும் 230 வோல்ற் வயரும் அதற்கு ஒரு வேர்தான். பல்கனிக்கு வெல்ட் மெஷ் கம்பிவலைதான் சரி. பூனை போல விழுந்து எழும்பும் உடல் இதற்கில்லை. எலும்புக்கூடு உடல் எடையில் 8 சதவீதத்தளவே. விழுந்தால் எலும்பு முறிய இரண்டாம் மாடியே போதும்.

தெகிவளை, கல்கிசைப் பக்கம் முற்றம் உள்ளவர்கள் தோண்டலையும் யோசிக்கவேண்டும். மேற்கு அவுஸ்திரேலியாவில் 1901 முதல் 1907 வரை முயலைத் தடுக்கவென்று 3,200 கிலோமீற்றருக்கும் அதிகமாக வேலி போட்டார்கள், வலையின் அடியை மண்ணுக்குள் புதைத்தும் பார்த்தார்கள். வேலி முடிவதற்கு முன்பே முயல்கள் அப்பால் போய்விட்டிருந்தன. உங்கள் முற்றத்துக்கு அவ்வளவு தேவையில்லை. வலையின் அடியை உட்பக்கமாக மடித்துத் தரையில் ஒரு முழம் பரப்பி மண்போட்டு மூடினால், வேலியோரம் தோண்டும் முயலுக்குக் கம்பிதான் தட்டுப்படும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஓடிவிட்டால் துரத்தாதீர்கள். துரத்துபவர் எவரானாலும் முயலுக்கு வேட்டைவிலங்குதான். கால்வாயோரத்துக் கபரகொயா என்ற நீர் உடும்புக்கும் தெருநாய்க்கும் உங்களுக்கும் அப்போது வித்தியாசம் தெரியாது. பழக்கமில்லாத இடத்தில் அது பெரும்பாலும் நெடுந்தூரம் போகாமல், சுவரோரமாக ஊர்ந்து முதல் இருட்டுக்குள் நுழைந்து அசையாமல் இருக்கும்: வாகனத்தின் அடி, படிக்கட்டின் கீழ், மூடி உடைந்த வடிகான். முதலில் அவற்றை நிலமட்டத்தில் குனிந்து தேடுங்கள். பெயர் சொல்லிக் கத்துவதைவிட, தினமும் சாப்பாட்டுக்கு முன் குலுக்கிப் பழக்கிய தீன் டப்பாவின் சத்தம் கேட்கும். அந்தப் பழக்கத்தை ஓடுவதற்கு முன்பே செய்து வைக்கவேண்டும் என்பது சொல்லாமலே புரியும். தூக்கும்போது ஒரு கை நெஞ்சின் கீழும் மறுகை பின்பக்கத்தின் கீழும் இருக்கட்டும். காதைப் பிடித்துத் தூக்கினால் அது உதைக்கும் உதையில் அதன் முதுகெலும்பே முறியலாம்.

உள்ளே கொண்டுவந்ததும் குளிப்பாட்டாமல், நிழலில் புல்லும் தண்ணீரும் வைத்துத் தனியே விடுங்கள். பயமும் வெப்பமும் முயலின் குடல் அசைவை நிறுத்திவிடக் கூடியவை. 12 மணித்தியாலம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் மறுநாள் பார்ப்போம் என்று விடாமல் அப்போதே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.