இடுப்பில் துப்பாக்கி, எதிரே போலீஸ்: டெக்சஸ் தமிழர்களுக்கு ஒரு வக்கீலின் வேண்டுகோள்

போன வாரம் மறுபடியும் அதே மாதிரி ஒரு கேஸ் வந்தது. டாலஸ் புறநகரில் ஒரு கடைத்தொகுதி. நம்மவர், கிரீன் கார்டுக்காரர், இதுவரை எந்த வம்பு வழக்கிலும் சிக்காதவர். இடுப்பில் எல்லோருக்கும் தெரியும்படி ஹோல்ஸ்டரில் (துப்பாக்கி உறையில்) கைத்துப்பாக்கியோடு காபி வாங்கப் போயிருக்கிறார். யாரோ பயந்துபோய் அவசர உதவி எண் 911ஐ அழைத்துவிட்டார்கள். (ஆளை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

போலீஸ்காரர் உடலில் மாட்டியிருந்த கேமராவின் (பாடிகேம்) பதிவைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. "கைகளைக் காட்டுங்கள்" என்கிறார் போலீஸ்காரர். நம்மவர் சட்டப் பிரிவின் எண்ணைச் சொல்லிக்கொண்டே, அதைப் போனில் எடுத்துக் காட்டுவதற்காகப் பின் பாக்கெட்டுக்குக் கையைக் கொண்டுபோகிறார். அந்தப் பாக்கெட்டுக்கும் ஹோல்ஸ்டருக்கும் இடையே நாலு விரல் தூரம்தான். அடுத்த நொடி போலீஸ்காரரின் துப்பாக்கி வெளியே வந்துவிட்டது. நல்லவேளையாக அவர் சுடவில்லை. நம்மவர் இன்று உயிரோடு இருக்கிறார், கைதோடும் வழக்கோடும். ஆபீசில் என் எதிரே உட்கார்ந்து அவர் கேட்ட முதல் கேள்வி: "சார், டெக்சஸ்ல ஓபன் கேரி லீகல்தானே?"

ஓபன் கேரி, அதாவது துப்பாக்கியை வெளியே தெரியும்படி எடுத்துச் செல்வது, லீகல்தான். 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயதான, துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடை ஏதும் இல்லாத ஒருவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். வெளியே தெரிந்தால் ஹோல்ஸ்டரில் இருக்க வேண்டும். அதற்கு முன்னால், 2016 முதல், லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு மட்டும் இந்த அனுமதி இருந்தது. இதையெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் சரியாகவே சொல்கிறார்கள். அதோடு சேர்த்து ஒரு தப்பையும் பரப்புகிறார்கள்: "லீகலா இருக்கும்போது போலீஸ் நம்மைத் தொடவே முடியாது, கேள்வி கேட்கவே முடியாது."

இந்த நம்பிக்கையைத்தான் நான் உடைத்தாக வேண்டும். எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்களிடம் துப்பாக்கி சட்டப்படிதான் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். எதிரே வரும் போலீஸ்காரருக்குத் தெரியாது. அவர் காதில் விழுந்தது 911ஐ அழைத்தவர் சொன்னது மட்டுமே. அழைத்தவர் பதற்றத்தில் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். 2014 ஆகஸ்டில் ஒகையோ மாநிலம் பீவர்கிரீக் வால்மார்ட்டில் ஜான் கிராஃபோர்ட் என்ற 22 வயது இளைஞர் கடை அலமாரியில் விற்பனைக்கு இருந்த காற்றுத் துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு போனில் பேசியபடி நடந்தார். ஒருவர் 911ஐ அழைத்து, அவர் ஆட்களைக் குறிபார்க்கிறார் என்றார். வந்த போலீஸ் சுட்டுக் கொன்றது. அதே ஆண்டு நவம்பரில் கிளீவ்லாந்தில் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த டமிர் ரைஸ் என்ற 12 வயதுப் பையன், போலீஸ் வண்டி வந்து நின்ற சில நொடிகளில் சுடப்பட்டான். ஒகையோ ஓபன் கேரியை அனுமதிக்கும் மாநிலம். கிராஃபோர்டின் கையில் இருந்தது நிஜத் துப்பாக்கியாக இருந்திருந்தாலும் அதை வைத்திருந்தது மட்டும் குற்றமாகியிருக்காது. அந்தச் சட்டம் அவரைக் காப்பாற்ற அங்கே வரவில்லை.

"கோர்ட் நம்ம பக்கம் தீர்ப்பு சொல்லியிருக்கே" என்பார்கள். உண்மை. சட்டப்படி வெளிப்படையாகத் துப்பாக்கி வைத்திருப்பதை மட்டும் காரணம் காட்டி ஒருவரைத் தடுத்து நிறுத்த முடியாது என்று ஒன்றுக்கு மேற்பட்ட கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. 2010ல் டொலீடோ நகரில் குடும்பத்தோடும் நாயோடும் மாலையில் நடக்கப் போனவர் இடுப்பில் துப்பாக்கி இருந்ததால் கைவிலங்கு மாட்டப்பட்டார். அவர் தொடுத்த வழக்கு மேலே நடக்கலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது 2015ல். ஐந்து வருடம்! அதுவும் அவர் அன்று மாலை உயிரோடு வீடு திரும்பியதால் கிடைத்த தீர்ப்பு. உரிமை இருக்கிறது, அதை நிலைநாட்டும் இடம் நீதிமன்றம். நடைபாதையில் நின்று போலீஸ்காரரிடம் வாதாடி அதை ஜெயிக்கவே முடியாது. ஜெயித்துத் தருவதற்குத்தான் எங்களைப் போன்றவர்கள் இருக்கிறோம்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டெக்சஸ் சட்டமே, தனக்கோ உங்களுக்கோ மற்றவர்களுக்கோ பாதுகாப்புக்குத் தேவை என்று நியாயமாக நினைத்தால் உங்கள் துப்பாக்கியைத் தற்காலிகமாக வாங்கி வைக்கப் போலீஸுக்கு அதிகாரம் தருகிறது. கைது இல்லை, குற்றம் இல்லை, உங்களால் ஆபத்தும் இல்லை என்றால் அங்கிருந்து உங்களை அனுப்பும்போது திருப்பித் தர வேண்டும். "என் பொருளைத் தொடாதே" என்று அந்த நேரத்தில் கையைத் தட்டிவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றுமில்லாமல் போயிருக்க வேண்டியது, கைதை எதிர்த்த குற்றமாக மாறியது.

நம்மவர்களுக்கென்றே ஒரு பழக்கச் சிக்கலும் உண்டு. ஊரில் போலீஸ் வண்டியை ஓரங்கட்டச் சொன்னால் நாம் இறங்கி, ஆர்சி புக்கை எடுத்துக்கொண்டு எஸ்ஐயை நோக்கிப் போவோம். அது மரியாதை. இங்கே வண்டியை விட்டு இறங்கி நடந்து போவது தாக்க வருவதுபோல் தெரியும். இடுப்பில் துப்பாக்கியும் இருந்தால் சொல்லவே வேண்டாம். வண்டியை நிறுத்துங்கள், இன்ஜினை அணையுங்கள், இரவென்றால் உள்விளக்கைப் போடுங்கள், இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் வையுங்கள். அப்படியே உட்காருங்கள். இறங்கச் சொன்னால் மட்டும் இறங்குங்கள். இறங்கச் சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1977லேயே சொல்லிவிட்டது.

துப்பாக்கி எடுத்துச் செல்வதற்கான கேரி லைசென்ஸ் இருந்தால், அடையாளம் கேட்கும்போது டிரைவர் லைசென்ஸோடு அதையும் காட்ட வேண்டும். இல்லாவிட்டாலும் துப்பாக்கி இருப்பதைச் சொல்லிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. ஆனால் எப்படிச் சொல்கிறீர்கள் என்பதில்தான் உயிர் இருக்கிறது. 2016 ஜூலை 6ல் மினசோட்டாவில் ஃபிலாண்டோ கஸ்டீல் தன்னிடம் துப்பாக்கி இருப்பதைப் பணிவாகத்தான் சொன்னார். அவரிடம் பர்மிட்டும் இருந்தது. சொன்ன சில நொடிகளில், காதலியும் அந்தப் பெண்ணின் நான்கு வயது மகளும் வண்டியில் இருக்கும்போதே, ஏழு குண்டுகள் பாய்ந்து வந்தன. சுட்ட போலீஸ்காரரை நடுவர் குழு விடுதலை செய்தது. கஸ்டீல் செய்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். கிராஃபோர்டும் ரைஸும் கஸ்டீலும் கருப்பினத்தவர்கள் என்பதையும் மறைக்க மாட்டேன். நம் தோலின் நிறம் நமக்குச் சலுகை வாங்கித் தரும் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் கேட்பது இதுதான்: சொல்லும்போது கை அசையக் கூடாது. "ஆபீசர், என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, வலது இடுப்பில். நான் என்ன செய்ய வேண்டும்?" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். பர்ஸ் எங்கே இருக்கிறது என்று வாயால் சொல்லுங்கள். எடுக்கச் சொன்ன பிறகு மெதுவாக எடுங்கள். துப்பாக்கியை நீங்களே கழற்றிக் கொடுக்கப் போகாதீர்கள். ஐயா, தயவுசெய்து, ஒருபோதும் வேண்டாம்.

வாய்க்கும் அளவு உண்டு. "ஆம் ஐ ஃப்ரீ டு கோ?" என்று கேட்கலாம். "ஐ டோன்ட் கன்சென்ட் டு எ சர்ச்" (சோதனைக்கு எனக்குச் சம்மதமில்லை) என்று சொல்லலாம். இரண்டையும் ஒரு தடவை, தணிந்த குரலில். கைது செய்துவிட்டார்கள் என்றால் "ஐ வாண்ட் எ லாயர்", அதோடு வாயை மூடிக்கொள்ளுங்கள். எங்கே வாங்கினேன், ஏன் வாங்கினேன் என்று கதை சொல்ல வேண்டாம்.

கடைவாசல் பலகைகளைப் பற்றி எத்தனை முறை சொல்வது! பலகையில் இருக்கும் எண், யார் துப்பாக்கியோடு உள்ளே வரத் தடை என்பதைச் சொல்கிறது: 30.05 என்றால் லைசென்ஸ் இல்லாதவர்களுக்கு, 30.06 லைசென்ஸோடு மறைத்து வைத்திருப்பவர்களுக்கு, 30.07 லைசென்ஸோடு வெளியே தெரிய வைத்திருப்பவர்களுக்கு. சிவப்பில் 51% என்று இருந்தால் அது உட்கார்ந்து மது குடிக்கும் பார்; உள்ளே போகாதீர்கள். பள்ளிக்கூடம், நீதிமன்றம், வாக்குச்சாவடி எதிலும் கூடாது. பலகை இல்லாவிட்டாலும் கடைக்காரர் வெளியே போகச் சொன்னால் போய்விடுங்கள். கோயில் நிர்வாகி சொன்னாலும் அப்படித்தான். மாநில எல்லையைத் தாண்டினால் சட்டமே வேறு. இல்லினாயிலும் நியூயார்க்கிலும் இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தால் நேரே ஜெயில்தான்.

இனி எழுதப் போவதுதான் எனக்குத் தூக்கம் கெடும் விஷயம். எச்-1பி, எல்-1 (வேலை), எஃப்-1 (மாணவர்), எச்-4 (குடும்பத்தினர்), பி-2 (சுற்றுலா) விசாவில் வந்தவர்கள் துப்பாக்கி வைத்திருப்பது பொதுவாகக் கூட்டாட்சிக் குற்றம். 15 வருடம் வரை சிறை. டெக்சஸ் லைசென்ஸ் கேட்பதில்லை என்பது இதை மாற்றாது, ஏனென்றால் "சட்டத் தடை இல்லாதவர்" என்ற நிபந்தனையிலேயே நீங்கள் விழுந்துவிடுகிறீர்கள். ஐ-140 (கிரீன் கார்டுக்கான மனு) அப்ரூவ் ஆனாலும் இஏடி (வேலை அனுமதி அட்டை) வந்தாலும், கிரீன் கார்டு கைக்கு வரும்வரை நிலைமை மாறிவிட்டதாக நினைக்காதீர்கள். வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விலக்கு இருக்கிறது, நிஜம்தான். டெக்சஸில் அந்த லைசென்ஸ் பொதுவாக ஆகஸ்ட் 31ல் காலாவதியாகும். புதுப்பிக்க மறந்தால் மறுநாள் காலை, அலமாரியில் இருக்கும் அதே துப்பாக்கி உங்களைக் குற்றவாளி ஆக்கிவிடும். அப்படியொரு கயிற்றின் மேல் நடக்கத்தான் வேண்டுமா?

ஊரிலிருந்து வந்த அப்பாவை ஷூட்டிங் ரேஞ்சுக்குக் கூட்டிப்போய், துப்பாக்கியைக் கையில் கொடுத்து, போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போடுகிறீர்களே, அவர் பி-2 விசாவில் வந்தவர். ரேஞ்சில் கொஞ்ச நேரம் வாடகைக்கு எடுத்துப் பிடித்தாலும் வைத்திருந்ததாகவே கணக்கு. 2019ல் உச்ச நீதிமன்றம் வரை போன ரெஹைஃப் வழக்கே, மாணவர் விசாவில் வந்து, பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்ட ஒருவர் ஃபுளோரிடாவில் ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டதில் ஆரம்பித்ததுதான். அந்தப் போட்டோக்களை நீங்களே வழக்குக்கு ஆதாரமாகச் சேர்த்து வைக்கிறீர்கள்.

கிரீன் கார்டுக்காரர்களுக்குத் துப்பாக்கி வைத்திருக்கத் தடை இல்லை. ஆனால் துப்பாக்கிக் குற்றத்தில் தீர்ப்பு வந்தால் அதுவே நாடுகடத்தலுக்குத் தனிக் காரணம். சிறிய வழக்கு, பெரிய வழக்கு என்ற பாகுபாட்டை அந்தப் பிரிவு பார்ப்பதில்லை. டெக்சஸில் "டிஃபர்ட் அட்ஜுடிகேஷன்" என்று ஒன்றைத் தருவார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு, சொன்ன நிபந்தனைகளை முடித்தால் தீர்ப்பே இல்லாமல் வழக்கு தள்ளுபடியாகும். குடிமக்களுக்கு அது நல்ல வழி. குடியேற்றச் சட்டத்தின் கண்ணில் அதுவும் தண்டனைத் தீர்ப்புதான். கோர்ட் நடைக்கூடத்தில் "கையெழுத்துப் போட்டால் இன்றே முடிந்துவிடும்" என்பார்கள், நீங்களும் நிம்மதியாகப் போட்டுவிடுவீர்கள். சில வருடம் கழித்து, ஊரிலிருந்து திரும்பும்போது ஏர்போர்ட்டில் தனியறைக்குக் கூட்டிப்போவார்கள். அப்போது என்னிடம் வந்தால் என்னால் செய்ய முடிவது மிகக் குறைவு. எனவே முதல் நாளே உங்கள் வக்கீலிடம் விசா நிலையைச் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ஒப்புக்கொள்வதால் குடியேற்றத்தில் என்ன விளைவு வரும் என்று உங்களை எச்சரிக்க வேண்டியது கிரிமினல் வக்கீலின் கடமை என்று 2010லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த ஆலோசனையை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே பேனாவை எடுங்கள்.