128 வோல்ட் என்று எழுதிய பேட்டரிக்குள் என்ன இருக்கிறது?

எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும் ஆன்லைனிலும் பெரிய பிராண்டின் நிறத்தை அப்படியே காப்பியடித்த கார்ட்லெஸ் டிரில், கிரைண்டர், சின்ன செயின் சா எல்லாம் மிக மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு நாங்கள் சொல்வது: மெஷினை அப்புறம் பாருங்கள், முதலில் பேட்டரியைக் கழற்றிக் கையில் எடுங்கள். செய்பவர்கள் பணத்தை மிச்சம் பிடிப்பது அதில்தான்.

48, 88, 128 வோல்ட் என்று மேலே என்ன அச்சடித்திருந்தாலும், திறந்தால் பெரும்பாலும் ஐந்து 18650 செல்கள்தான் (விரல் பருமனுள்ள உருளை வடிவ லித்தியம் செல்) தொடராக இருக்கும். ஒரு செல் 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. முழு சார்ஜில் செல்லுக்கு 4.2 வீதம் 21. நிஜமாகவே 128 வேண்டுமென்றால் முழு சார்ஜ் கணக்கிலேயே 31 செல் தேவை. அந்தச் செல்களின் எடையே 1.4 கிலோ தாண்டும். ஆகவே தராசில் வைத்துப் பாருங்கள். 4 ஆம்பியர்-அவர் என்று எழுதிய 18 வோல்ட் பேட்டரி 400 கிராமுக்குக் கீழே நின்றால் எழுதியது பொய்.

டிரில் சுவரில் சிக்கித் திணறும்போது 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். லேப்டாப்புக்குச் செய்த செல் 5 ஆம்பியர் அளவுக்கே தாங்கும். வோல்டேஜ் சரிந்து மெஷின் நிற்கும், செல் சுடும். ஐந்தில் பலவீனமான ஒன்று மட்டும் 2.5 வோல்ட்டுக்குக் கீழே போனாலும், கட்-ஆஃப் செய்ய ஒழுங்கான போர்டு இருக்காது. அப்படிச் செத்த செல்லைத் திரும்பச் சார்ஜ் செய்யும்போது உள்ளே ஷார்ட் ஆகி, தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. கூடவே வரும் சார்ஜர் பல நேரம் பேட்டரியின் சூட்டைப் பார்ப்பதே இல்லை. ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். மரத்தூள் கிடக்கும் இடத்தில் கண்டிப்பாக வேண்டாம்.

லித்தியம் பேட்டரிக்கு இந்தியாவில் ஐ.எஸ். 16046 என்ற பாதுகாப்புத் தரத்தின்படி பதிவு கட்டாயம். லேபிளில் ஆர் என்ற எழுத்தும் 8 இலக்கமும் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டு, யார் பெயரில் வருகிறது என்று பாருங்கள். வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் இன்னொரு சோதனை: முழு சார்ஜில் 21 காட்டியது, சும்மா வைத்த மறுநாள் 20-க்குக் கீழே வந்தால் ஏதோ ஒரு செல் கசிகிறது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

டிரிலில் பிட்டைப் பிடிக்கும் சக் ஆடுகிறதா என்றும் பாருங்கள். நீளமான பிட்டை மாட்டி மெதுவாக ஓட்டினால் முனை வட்டமடிக்கக் கூடாது. அடித்தால் 6 மில்லி துளை 7 ஆகும், வால் பிளக் கையோடு வரும். ஆர்சிசி தூணில் இவற்றின் ஹேமர் மோடு சத்தம் மட்டுமே போடும். அதற்குக் கான்கிரீட்டை இடித்துத் துளைக்கும் எஸ்டிஎஸ் ரோட்டரி ஹேமர்தான்.

கிரைண்டரும் செயின் சாவும் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். 100 மில்லி கட்டிங் வீலில் 15,300 ஆர்பிஎம் உச்ச வரம்பு என்று போட்டிருக்கும். வேகமே எழுதாத கிரைண்டரில் அதை எந்த நம்பிக்கையில் மாட்டுவது? வீலை மூடும் பாதுகாப்புத் தகடு மெலிசு, ஸ்விட்ச் ஒட்டிக்கொள்ளும். வீல் உடைந்தால் சில்லு நேரே முகத்துக்கு வரும். சின்ன செயின் சாவில், எகிறினால் செயினை உடனே நிறுத்தும் செயின் பிரேக்கே பெரும்பாலும் இருப்பதில்லை.

திரைச்சீலைக் கம்பி, அலமாரி ஸ்க்ரூ என்று ஆண்டுக்கு நாலு தடவைதான் வேலையென்றால், வயர் வைத்த பிராண்டட் டிரில் ஒன்றை வாங்குங்கள். பத்து வருடம் கழித்தும் பிளக்கில் சொருகினால் ஓடும்.

ஏற்கெனவே வாங்கிய பேட்டரி கெட்டுவிட்டால் முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, இ-வேஸ்ட் எடுப்பவரிடம் கொடுங்கள். குப்பை வண்டியில் போட்டால் நசுங்கும்போது பற்றிக்கொள்ளும்.