நடைவண்டியின் கால் ஏன் மறுபடி கழன்றது?

குமரி மாவட்டத்தின் ரப்பர் தோட்டப் பகுதியான குலசேகரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பேரனின் நடைவண்டியில் கைப்பிடிக் கால் ஒடிந்துவிட்டது. வெள்ளைப் பசையைத் தாராளமாகத் தடவி, கயிறு சுற்றி வைத்தேன். மூன்றாம் நாள் கழன்றுவிட்டது. பசை போலியா?"

பசை நல்லதாகத்தான் இருக்கும். கால் எப்படி ஒடிந்தது என்பதில்தான் விஷயம். மரம் நார்க்குழல்களின் கட்டு. நீளவாக்கில் பிளந்தால் குழல்களின் பக்கங்கள் தெரியும். அங்கே ஒட்டினால் ஒட்டு மரத்தைவிட உறுதியாகக்கூட நிற்கும். குறுக்கே ஒடிந்தால் தெரிவது குழல்களின் திறந்த வாய்கள். தடவிய பசையை அவை உறிஞ்சிக்கொள்ளும், நடுவில் ஒன்றும் மிஞ்சாது.

பசை இறுகும் விதத்தைக் குலசேகரத்துக்காரருக்குச் சொல்ல ரப்பர் பாலே போதும். பாலில் ரப்பர் கரைந்திருப்பதில்லை. நுண்ணிய உருண்டைகளாகத் தண்ணீரில் மிதக்கிறது. பால் எடுக்கக் கீறிய மரப்பட்டையில் மிச்சம் நிற்கும் பால் காய்ந்து, இழுத்தால் நாடாவாக உரிந்து வரும் ஒட்டுப்பாலாகிறதே, வெள்ளைப் பசையிலும் ஏறக்குறைய அதேதான் நடக்கிறது. அதில் மிதப்பவை பாலிவினைல் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கின் உருண்டைகள். தண்ணீரை மரம் குடிக்கக் குடிக்க உருண்டைகள் நெருங்கி, நசுங்கி, எல்லை அழிந்து ஒரே படலமாகின்றன. வெள்ளை நிறம் மறைந்து கண்ணாடி போலத் தெளிவது உருண்டைகள் ஒன்றாகிவிட்டதற்கு அடையாளம். தனித்தனி உருண்டைகள் ஒளியைச் சிதறடித்ததால்தான் அது வெள்ளையாகத் தெரிந்தது.

ஆக, ஒட்டு இறுக வேண்டுமானால் மரம் தண்ணீர் குடிக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 90 சதவீதமாக நீடித்தால் மரம் தன் உலர்ந்த எடையில் சுமார் 20 சதவீதம் நீரை ஏற்கெனவே வைத்திருக்கும். தாகமில்லாத மரம். டப்பாவில் போட்டிருக்கும் 24 மணி நேரக் கணக்கு குமரி மாவட்டத்து ஜூன் மாதத்துக்கு எழுதியதல்ல. மழைக்காலத்தில் 48 மணி நேரம் விடுங்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில் மர ஒட்டுகள் எத்தனை நாளில் இறுகுகின்றன என்று அளக்கக் கோடிக்கணக்கில் நிதி வேண்டாம். நாலு பாலிடெக்னிக் மாணவர்களும் ஒரு தராசும் போதும். யாராவது செய்யலாம்.

இனி வேலை. பழைய பசைப் படலத்தின் மேல் புதுப் பசை பிடிக்காது. வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி ஊறவைத்துச் சுரண்டி, மரத்தை நன்றாக உலர விடுங்கள். ஒடிந்த இரு பக்கமும் 8 மில்லிமீட்டர் விட்டத்தில், 25 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் துளை போடுங்கள். உள்ளே இறங்க 48 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு மூங்கில் முளை, அதாவது இரு துண்டையும் இணைக்கும் குச்சி. மூங்கிலின் வழவழப்பான மேல்தோலைச் சீவாவிட்டால் பசை பிடிக்காது. முளையின் பக்கத்தில் நீளவாக்கில் ஒரு கீறலும் வேண்டும். அது இல்லாவிட்டால் முளை சைக்கிள் பம்பின் பிஸ்டன் போலப் பசையை அடைத்துக்கொண்டு காலையே பிளந்துவிடும். முளையை வெயிலில் காயவைத்துச் செருகினால் பசையின் தண்ணீரைக் குடித்துப் பருத்துத் தானே இறுகும். முளையின் பக்கமும் காலிலுள்ள துளையின் சுவரும் நார்ப்பக்கம் என்பதால் இங்கே பசைக்கு நல்ல பிடி.

ஒடிந்த முகங்களில் முதலில் 2 பங்கு பசைக்கு 1 பங்கு தண்ணீர் கலந்து தடவி, 10 நிமிடம் கழித்து முழுப் பசை தடவுங்கள். குழல் வாய்கள் முதல் பூச்சிலேயே அடைபட்டுவிடும். பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இழுத்துச் சுற்றுங்கள். கயிறு தளரும், ரப்பர் தளராது. விளிம்பெல்லாம் சிறு மணிகளாகப் பசை பிதுங்க வேண்டும். பிதுங்காத இடத்தில் உள்ளே பசை இல்லை. குழந்தை எச்சில் படும் சாமான் என்பதால் தண்ணீர் தாங்கும் ரகத்தையே வாங்குங்கள்.

பெயின்ட் அடித்த பழைய வண்டியானால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சின் தூசி பிள்ளைக்கு ஆகாது. உடைந்த பொம்மை வீட்டிலிருந்தால் தரித்திரம் என்று அடுப்பில் போடுகிறவர்களும் உண்டு. தரித்திரம் வருமோ வராதோ, அந்தப் புகையில் ஈயம் வரும்.