பெலோட்: ஜாக்கி ராஜாவை வெல்லும் பிரெஞ்சுச் சீட்டாட்டம்

பிரான்சில் பெலோட்டுக்கு முன் மனீல் என்ற சீட்டாட்டம்தான் செல்வாக்கோடு இருந்தது. முதல் உலகப் போரை ஒட்டி பெலோட் வந்து அதன் இடத்தைப் பிடித்தது. நெதர்லாந்தின் கிளாவர்யாஸ், சுவிட்சர்லாந்தின் யாஸ் எல்லாம் இதன் சொந்தக்கார ஆட்டங்கள். விதிகள் 1921-ல் அச்சில் வந்தன.

நாலு பேர், எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் ஒரு ஜோடி. 7 முதல் ஏஸ் வரை 32 சீட்டுகள், ஆளுக்கு எட்டு. ஒருவர் ஒரு வகையைத் துருப்பாக, அதாவது மற்ற வகைகளை வெட்டும் வகையாக, ஏற்றுக்கொண்டதும் அந்த வகையின் மதிப்பே தலைகீழாகிவிடுகிறது. மற்ற வகைகளில் 2 புள்ளி மட்டுமே பெறும் ஜாக்கி, துருப்பில் 20 புள்ளியோடு முதலிடம். ஒன்றுமே பெறாத ஒன்பது, 14 புள்ளியோடு இரண்டாமிடம். அப்புறம்தான் ஏஸ் 11, பத்து 10, ராஜா 4, ராணி 3. இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் 304 என்ற சீட்டாட்டம் ஆடுபவர்களுக்கு இந்த வரிசை பழகியதுதான். ஆனால் அங்கே எல்லா வகைக்கும் இதே வரிசை. பெலோட்டில் துருப்புக்கு மட்டும். அதனால் கையில் இருக்கும் ஜாக்கி பொக்கிஷமா, வெறும் சீட்டா என்பது துருப்பு எது என்று தெரிந்த பிறகுதான் தெரியும். ஆட்டத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது.

ஆர்ட்டின் துருப்பு என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் ஆர்ட்டின் ஒன்பது தனியாக இருக்கிறது. எதிராளி ஜாக்கியை இறக்குகிறார். துருப்பு கேட்டால் போட்டே ஆக வேண்டும், ஒன்பது போச்சு. ஒரே பிடியில் (ஆளுக்கொரு சீட்டு போடும் ஒரு சுற்றில்) 34 புள்ளி அவர்கள் பக்கம். கூடவே ஆர்ட்டின் ஏழும் இருந்திருந்தால் அதைக் கொடுத்துவிட்டு ஒன்பதைக் காப்பாற்றியிருக்கலாம். ஜாக்கி போனபின் அதுதான் மிகப் பெரிய துருப்பு. ஒன்றுக்கும் உதவாதது போலத் தெரியும் ஏழுக்கு இவ்வளவு வேலை இருக்கிறது!

கேட்ட வகை கையில் இல்லையென்றால் துருப்பால் வெட்ட வேண்டும். ஆனால் பிடி கூட்டாளி கையில் இருந்தால் கட்டாயமில்லை. அப்போது ஒரு பத்தை அதில் சேர்த்துவிடுவது நல்ல ஆட்டம். துருப்பு ராஜாவும் ராணியும் ஒருவரிடமே இருந்தால், முதலாவதைப் போடும்போது 'பெலோட்', அடுத்ததற்கு 'ரிபெலோட்' என்று சொல்லி 20 புள்ளி எடுக்கலாம்.

சீட்டுகளின் புள்ளி 152, கடைசிப் பிடிக்கு 10, மொத்தம் 162. துருப்பை ஏற்றவர் பக்கம் பாதியை எட்டாவிட்டால் 162-ம் எதிர்ப்பக்கத்துக்கு. எண்ணிக்கை அடிக்கடி 80-ஐ ஒட்டியே வருவதால், அந்தக் கடைசிப் பிடிக்காக ஒரு துருப்பை ஒளித்து வைப்பவரே தேர்ந்த ஆட்டக்காரர்.