வேர் ஹார்மோன் கூடினால் வேர் நீளாது

வேர் பிடிக்காத மல்லிகைக் குச்சியை மெதுவாகப் பிடுங்கிப் பாருங்கள். அடிமுனை வீங்கி, பட்டை வெடித்து, கட்டை குட்டையாக நாலைந்து வேர் எட்டிப் பார்த்து அப்படியே நின்றிருந்தால், ஐ.பி.ஏ. என்ற வேர் ஹார்மோன் கூடிப்போனதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். மருந்து போதவில்லை என்று நினைத்து அடுத்த முறை இன்னும் தூக்கலாகக் கலக்கிறார்கள். கெடுவது அங்கேதான்.

ஐ.பி.ஏ. ஆக்சின் வகை ஹார்மோன். தண்டில் புது வேர் பிறக்க அது நிறைய வேண்டும். பிறந்த வேர் நீள்வதற்கோ இம்மியளவு போதும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருந்தாலே பல செடிகளில் வேர் நுனி திணறும். மிதமிஞ்சிய ஆக்சின், எத்திலீன் என்ற வாயு ஹார்மோனைக் கிளப்பிவிடும், செல்கள் நீளாமல் பருக்கும். அதனால்தான் குச்சியைக் கரைசலில் முக்குவது விநாடிக் கணக்கில். மிச்சக் கரைசலை வீணாக்க மனமில்லாமல் வேர் விட்ட குச்சிகள் இருக்கும் பைகளில் ஊற்றுவது, வளர்வதைத் தடுப்பதற்குச் சமம்.

1000 பி.பி.எம். (லிட்டருக்கு 1000 மில்லிகிராம்) கரைசல் வேண்டுமென்றால் 100 மில்லிகிராம் ஐ.பி.ஏ.வை 50 மில்லி ஆல்கஹாலில் முழுக்கக் கரைத்து, பிறகு தண்ணீர் சேர்த்து 100 மில்லி ஆக்குங்கள். ஆல்கஹாலைக் குறைத்தால் தண்ணீர் பட்டதும் பால் போலக் கலங்கும். மருந்து அடியில் படிந்துவிட்டது என்று அர்த்தம். பொட்டாசியம் உப்பாக வருவது மட்டும் நேரடியாகத் தண்ணீரில் கரையும். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டிய குச்சியின் அடி 2 செ.மீ.யை 5 முதல் 10 விநாடி முக்கி, ஆல்கஹால் உலர்ந்ததும் நடவும். ஈரக் குச்சியை முக்கினால் கரைசல் நீர்த்துப்போகும். தேவையானதைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி முக்குங்கள். மீந்ததைத் திரும்பப் புட்டியில் ஊற்றாதீர்கள்.

இளநீரில் ஊறவைக்கச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். இளநீரில் சைட்டோகைனின் என்ற ஹார்மோன் இருக்கிறது. அது தளிரைத் தூண்டும், வேர் தோன்றுவதைப் பின்னுக்கு இழுக்கும். சர்க்கரை வேறு, பூஞ்சைக்கு விருந்து.

பலர் கோட்டைவிடுவது பை நிரப்பும் மண்ணில். மாமரத்தைப் பூக்க வைக்க வேரடியில் ஊற்றும் பாக்லோபியூட்ரசால், தண்டை நீளவைக்கும் ஜிப்ரெலின் ஹார்மோனைச் செடி தயாரிப்பதைத் தடுக்கும் மருந்து. மண்ணில் மாதக்கணக்கில் தங்கும். அந்தத் தோப்பு மண்ணை அள்ளி வந்து பையில் நிரப்பினால் கணுக்கள் நெருங்கி, இலை கருகருவென்று பச்சையாக, செடி குள்ளமாகவே நிற்கும். உரக்குறை என்று நினைத்து யூரியா கொடுத்துப் பயனில்லை. ஜிப்ரெலின் வகையான ஜிப்ரெலிக் அமிலம் தெளித்தால் தண்டு நீளும் என்பது சரிதான், ஆனால் வேர் பிடிக்காத குச்சியில் அது வேர் தோன்றுவதையே கெடுக்கும்.

சந்தேகமுள்ள மண்ணில் பத்து வெள்ளரி விதை, நல்ல மண்ணில் பத்து விதை போடுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தண்டின் உயரத்தை அளந்து பார்த்துவிட்டு, அப்புறம் பையை நிரப்புங்கள்.