தமிழ்ப் பெயருக்குள் வட்டமிட்ட ‘ஆர்’ எங்கிருந்து வருகிறது?

சுன்னாகம் பக்கத்துச் சனசமூக நிலையம் ஒன்றின் வாசிகசாலைக்கு இணையத்தளம் செய்யும் மாணவி ஒருவர் போன மாதம் எனக்கு இரண்டு ஸ்கிரீன்ஷொட் அனுப்பியிருந்தார். முதலாவதில் அங்கத்தவர்களின் பெயரும் ஊரும் நல்ல தமிழில் இருந்தன. இரண்டாவதிலும் அதே பட்டியல்தான், ஆனால் ஒரு எழுத்துக்கூடத் தமிழ் இல்லை. தலையில் சாய்வுக்கோடு விழுந்த சின்ன ஆங்கில ‘ஏ’, பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்’, பிறகு ஏதோ ஒரு குறி. திரும்பவும் ‘ஏ’, திரும்பவும் வட்டத்துக்குள் ‘ஆர்’. வரி முழுக்க இப்படியே போனது. கீழே எழுதியிருந்தார்:

“சேர், பழைய பக்கத்தில பேர் எல்லாம் வடிவா வருது. நான் புதுசா எழுதின பக்கத்திலதான் இப்பிடி வருது. இங்கிலிஸ் பேருக்கு ஒண்டும் இல்லை. என்ர ஜாவாஸ்கிரிப்ட் பிழையோ, பிஎச்பி பிழையோ?”

அந்த வட்டமிட்ட ஆரைக் கண்டதுமே எனக்கு மனம் ஆறிவிட்டது. தரவு பத்திரமாக இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். எப்படி என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஏ.எல். ஐசிடி படித்தவர்களுக்குப் பாதிக் கதை தெரியும். பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் ஒரு கோரிக்கையை அனுப்பும். சேர்வரில் இருக்கும் பிஎச்பி அதை வாங்கி, மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் தேடி, பதிலை ஜேசன் வடிவத்தில் திருப்பி அனுப்பும். இந்தப் போக்குவரத்தில் பிழை வந்தால் முதலில் எஃப்12 விசையை அழுத்தி நெட்வேர்க் பகுதியைத் திறக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு எண் தெரியும். 404 என்றால் முகவரி பிழை. 500 என்றால் சேர்வருக்குள் நிரல் விழுந்துவிட்டது, அங்குள்ள பதிவேட்டைப் பார்க்க வேண்டும். எல்லாம் சரி என்று 200 வந்தும் பிஎச்பிக்கு எதுவும் கிடைக்கவில்லை என்றால், பொதியின் மேல் ஒட்டிய லேபிளைப் பாருங்கள். கொழும்பு பஸ்ஸில் பார்சல் போடுகிறபோது மேலே எழுதியிருப்பதைப் பார்த்துத்தானே இறக்குகிறார்கள். பிஎச்பி தானாகத் திறந்து தருவது வழமையான படிவப் பொதிகளை மட்டும். ஜேசன் பொதியை நாங்களே அவிழ்க்க வேண்டும். இதெல்லாம் ஒரு மணித்தியாலத்தில் பிடிபடும்.

அவருடைய சிக்கல் இதில் எதுவும் இல்லை. எல்லாம் 200. போனது போனபடி, வந்தது வந்தபடி. எழுத்து மட்டும் மாறிவிட்டது. சரி, அப்படியானால் கம்பியில் உண்மையில் ஓடுவது என்ன?

எண்கள்தான். 0 முதல் 255 வரை ஒரு பைட், அதன் பின்னால் இன்னொரு பைட். அந்த எண்களை எப்படி வாசிக்க வேண்டும் என்பது எண்ணுக்குள் எழுதியிருக்காது. 1996இல் இலங்கையில் மணிக்கூட்டை முன்னுக்கு நகர்த்தினார்கள், 2006இல்தான் பழையபடி திருப்பினார்கள். இடைப்பட்ட காலத்தில் வன்னியில் பழைய நேரமே இருந்தது. ஒன்பது மணிக்கு வா என்று சொன்னால், “பழைய நேரமோ, புதிய நேரமோ?” என்று கேட்காமல் யாரும் வெளிக்கிடமாட்டார்கள். ஒன்பது என்ற எண் சரியாகவே வந்து சேர்ந்திருக்கும், ஆனால் எந்த மணிக்கூடு என்பதைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும். எழுத்துக்கும் அதே கதை.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். உலக மொழிகளின் எழுத்துகளுக்கு இலக்கம் கொடுக்கும் பட்டியல்தான் யூனிகோட். அதில் ‘ய’ என்ற எழுத்துக்கு 2991 என்று இலக்கம். ஒரு பைட்டுக்குள் 255க்கு மேல் போகாது. அப்படியானால் 2991ஐ எப்படி அனுப்புவது? 1992 செப்டெம்பரில் நியூ ஜேர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடையில், மேசையில் விரித்த தாளிலேயே கென் தொம்சன் இதற்கு ஒரு வழி போட்டார். பக்கத்தில் ரொப் பைக் இருந்தார். யூடிஎஃப்-8 பிறந்தது அங்கேதான்.

எங்கள் ஊர் ஒழுங்கைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஒழுங்கைக்கு 64 வீடு. 2991ஐ 64ஆல் வகுத்தால் ஈவு 46, மிச்சம் 47. அதாவது ‘ய’ இருப்பது 46ஆம் ஒழுங்கையில் 47ஆம் வீடு. இந்த இரண்டு எண்ணோடும் 128ஐக் கூட்டுகிறோம். 174, 175. துவித எண்ணில் எழுதினால் 128 கூட்டிய எந்த எண்ணும் ‘10’ என்று தொடங்கும். அதற்கு “நான் தொடர்ச்சி, என்னிலிருந்து வாசிக்கத் தொடங்காதே” என்று பொருள். முன்னால் 224 என்று ஒரு பைட் வரும். அது துவிதத்தில் ‘1110’ என்று தொடங்கும். மூன்று ஒன்றுகள் நிற்பதால், மூன்று பைட் கொண்ட எழுத்து இங்கே தொடங்குகிறது. ஆக ‘ய’ என்பது கம்பியில் 224, 174, 175 என்று ஓடும்.

இதில் அழகு என்னவென்றால், வழியில் ஒரு பைட் தொலைந்தாலும் அந்த ஒரு எழுத்துத்தான் போகும். வாசிப்பவர் ‘10’ என்று தொடங்கும் எண்களைத் தாண்டிப் போய் அடுத்த தொடக்கத்தைப் பிடித்துக்கொள்வார். கல்வெட்டில் ஒரு துண்டு பெயர்ந்தாலும் அடுத்த சொல்லிலிருந்து வாசிக்கிறோமே, அதைப்போல.

தமிழுக்கு யூனிகோட் கொடுத்த காணி 2944 முதல் 3071 வரை, 128 இடங்கள். சரியாக இரண்டு ஒழுங்கை. 46இல் உயிரெழுத்துகளும் மெய்யெழுத்து வரிசையும் ஆகார, இகரக் குறிகளும் குடியிருக்கின்றன. 47இல் மிச்ச உயிர்க்குறிகளும் புள்ளியும் தமிழ் எண்களும். ஆகவே அந்தக் காணியிலுள்ள எந்தத் தமிழ் எழுத்தும் 224இல் தொடங்கி, அடுத்ததாக 174 அல்லது 175 வரும். வேறு வழியே இல்லை.

இப்போது ஸ்கிரீன்ஷொட்டுக்குத் திரும்புவோம். மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய விண்டோஸ் அட்டவணையில் ஒரு பைட்டுக்கு ஒரு எழுத்து. அதில் 224 என்பது தலையில் சாய்வுக்கோடு விழுந்த ‘ஏ’. 174 என்பது வட்டத்துக்குள் ‘ஆர்’, கம்பனிப் பெயர்களின் பின்னால் போடும் அதே குறி. 175 ஒரு மேற்கோடு. அந்த மாணவியின் திரையில் நிறைந்து கிடந்தது இதுதான். பைட் ஒன்றுகூடக் கெடவில்லை. தமிழ் ஒழுங்கையின் இலக்கங்களை யாரோ ஐரோப்பிய அட்டவணையை வைத்து வாசித்திருக்கிறார்கள். ஆங்கிலப் பெயர் பிழைக்காததற்கும் காரணம் இதுவே. 0 முதல் 127 வரை இரண்டு அட்டவணையும் ஒன்று. ஆங்கிலத்தில் எத்தனை தரம் சோதித்தாலும் இந்தப் பிழை வெளியே வராது.

எழுத்து எப்படி உடைந்திருக்கிறது என்பதைப் பார்த்தே எங்கே உடைந்தது என்று சொல்லலாம். வட்டமிட்ட ஆர் என்றால் வாசிப்புப் பிழை, மீட்கலாம். வெறும் கேள்விக்குறிகள் என்றால் எண்ணிப் பாருங்கள். ‘யாழ்ப்பாணம்’ கண்ணுக்கு 6 எழுத்து. புள்ளியும் காலும் தனித்தனி இலக்கம் என்பதால் ஜாவாஸ்கிரிப்ட்டின் கணக்கில் 11. ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால் கம்பியில் 33. சரியாக 11 கேள்விக்குறி வந்திருந்தால், தமிழ் என்று விளங்கிக்கொண்ட ஒரு நிரல் தமிழுக்கு இடமில்லாத பெட்டிக்குள் அதைப் போட்டிருக்கிறது. போனது போனதுதான். கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வந்தால் பெரும்பாலும் எழுத்தின் நடுவே வெட்டு விழுந்திருக்கும். பதிலின் நீளம் 33 என்று சொல்ல வேண்டிய இடத்தில் 11 என்று சேர்வர் சொன்னால், ‘யாழ’ வரை வந்து புள்ளியின் நடுவில் அறுந்துபோகும். பின்சாய்வுக்கோடும் ‘யு’வும் நாலு குறியுமாக வந்தால் பயப்படத் தேவையில்லை. அது ஜேசன் தமிழை மடித்து அனுப்பும் முறை, பிரவுசர் விரித்துக்கொள்ளும்.

அந்த மாணவியிடம் ஒன்று மட்டும் செய்யச் சொன்னேன். திரையை நம்பாமல், சேர்வருக்குப் பெயர் வந்து சேர்ந்ததும் பைட் எண்களை வரிசையாக அச்சிட்டுப் பார்க்கச் சொன்னேன். பிரவுசர் ஒரு சொற்றொடரை இப்படி அனுப்பும்போது எப்போதும் யூடிஎஃப்-8 ஆகத்தான் அனுப்பும். பார்த்தார். 224, 174, 175, 224, 174, 190... மொத்தம் 33. ஜாவாஸ்கிரிப்டும் சரி, பிஎச்பி வரையும் சரி. பழுது அதற்கு அப்பால், தரவுத்தளத்தின் வாசலில்.

பழைய பக்கத்தை எழுதியவர் தரவுத்தளத்தோடு எந்த அட்டவணையில் கதைக்கிறோம் என்று சொல்லாமல் விட்டிருக்கிறார். மைஎஸ்கியூஎல் சுவீடனில் பிறந்தது. 2018இல் 8.0 வரும் வரை, ஒன்றும் சொல்லாவிட்டால் அது எடுத்துக்கொள்வது லத்தீன்-1, அதாவது மேலே சொன்ன அதே ஐரோப்பிய அட்டவணை, வரிசைப்படுத்துவது சுவீடிஷ் ஒழுங்கு. ஆகவே வந்த 33 பைட்டையும் 33 ஐரோப்பிய எழுத்து என்று நினைத்து, ஒவ்வொன்றையும் அக்கறையாக மறுபடி யூடிஎஃப்-8 ஆக்கி வைத்திருக்கிறது. 224 என்பது 195, 160 ஆனது. 174 என்பது 194, 174 ஆனது. அதே பழைய பக்கம் திரும்ப வாசித்தபோது, போன வழியாலேயே எல்லாம் பின்னோக்கி அவிழ்ந்து நல்ல தமிழாக வந்தது. போகும்போது ஒரு பிழை, வரும்போது அதே பிழை. இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிட்டன. மாணவி தன் நிரலில் இணைப்பை முறைப்படி யூடிஎஃப்8எம்பி4 என்று அறிவித்திருந்தார். முழு யூடிஎஃப்-8க்கு மைஎஸ்கியூஎல் வைத்திருக்கும் பெயர் அது. அதனால் உள்ளே கிடந்ததை உள்ளபடியே பார்த்த முதல் ஆள் அவர்தான். “உங்கட கோட் சரி, பிள்ளை. இத்தனை நாளும் பிழையை மறைச்சு வைச்சிருந்தது மற்றப் பக்கம்” என்று எழுதினேன்.

அதற்கு முன் அவருக்குக் கிடைத்த ஆலோசனைகளை நினைக்கத்தான் கவலையாக இருக்கிறது. இந்த வரியை மேலே ஒட்டு, சரிவரும் என்று ஒருவர். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் பதி, தமிழ் கணினிக்கு ஒத்துவராது என்று இன்னொருவர். முதலாவது, காய்ச்சலுக்கு நூல் கட்டுவது போன்றது. இரண்டாவதை நான் மூடநம்பிக்கை என்றே சொல்வேன். 1991இல் யூனிகோட்டின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. வாசிகசாலைக்குக் கட்டடம் கட்டவும் வர்ணம் பூசவும் வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் மனமுவந்து காசு அனுப்புகிறார்கள். உள்ளே இருக்கும் பதிவுகளை இப்படி உட்கார்ந்து திருத்த ஒருவருக்கு மூன்று மாதச் சம்பளம் கொடுக்கவும் அவர்கள் முன்வர வேண்டும். அந்தப் பதிவுகள் போனால் கட்டடம் மட்டும்தான் மிஞ்சும்.

அந்த மாணவி இன்னொன்றும் செய்து பார்த்திருந்தார். தரவை வெளியே எடுத்து, ஒரு சின்ன நிரலால் திருத்தியபோது ‘யாழபபாணம’ என்று வந்ததாம். புள்ளி முழுக்க உதிர்ந்துவிட்டது. எனக்கு இது பெரிய விருந்து. அந்த விண்டோஸ் அட்டவணையில் ஐந்து வீடுகள் வெறுமையாகக் கிடக்கின்றன. 129, 141, 143, 144, 157. தமிழ்ப் புள்ளியின் கடைசிப் பைட் 141. உகரக் குறிக்கு 129. ‘ஏ’க்கு 143, ‘ஐ’க்கு 144. வெறும் வீட்டைக் கண்டால் விட்டுவிட்டுப் போகும் நிரல்கள் இவற்றைத் தொலைத்துவிடும். ஏட்டுச்சுவடியிலும் புள்ளி இடாமல் எழுதுவதுதான் வழக்கம், ஓலை கிழியும் என்று. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றவர்கள் அப்படியான ஏடுகளை வைத்துத்தான் புள்ளியைத் தங்கள் அறிவால் மீட்டுப் பதிப்பித்தார்கள். நல்ல காலம், மைஎஸ்கியூஎல் அந்த ஐந்து வெறும் வீட்டையும் தொலைக்காமல் காப்பாற்றி வைக்கிறது. ஆகவே திருத்தத்தைத் தரவுத்தளத்துக்குள்ளேயே செய்யச் சொன்னேன். சோதிப்பதற்கு ஏழாலை, புன்னாலைக்கட்டுவன் என்ற இரண்டு ஊர்ப் பெயரும் போதும். முதலாவதில் ‘ஏ’ இருக்கிறது. இரண்டாவதில் நாலு புள்ளியும் இரண்டு உகரமும்.

முதலில் ஒரு பிரதி எடுத்தார். பிரதியில், எழுத்துகளை லத்தீன்-1க்கு மாற்றி, லேபிளைக் கழற்றி வெறும் பைட்டாக்கி, அப்புறம் யூடிஎஃப்8எம்பி4 என்று புது லேபிள் ஒட்டினார். ஒரு கவனம் தேவைப்பட்டது. அவருடைய புதிய படிவம் வழியாகப் பதிந்த பெயர்கள் ஏற்கெனவே சரியாக இருந்தன. அவற்றையும் சேர்த்துத் ‘திருத்தினால்’ கேள்விக்குறிதான் மிஞ்சும். அதனால் 195, 160 என்று தொடங்கும் வரிகளை மட்டும் பிரித்தார், 224இல் தொடங்குவதைத் தொடவில்லை. அதே நேரம் பழைய பக்கத்தின் இணைப்பையும் மாற்றினார். இல்லாவிட்டால் அடுத்த நாளே அது புதிதாக இரட்டிப்புச் செய்யத் தொடங்கிவிடும்.

ஏழாலை வந்தது. புன்னாலைக்கட்டுவன் புள்ளி குறையாமல் வந்தது. பதினொரு பெயர் மட்டும் எந்த வழியிலும் அசையவில்லை. படம் அனுப்பினார். ஒன்றில் ஊர், பெயர் எல்லாம் வெறும் ஆங்கில எழுத்து. ‘தமிழ்’ என்று வர வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, பக்கத்தில் ஒரு அரைப்புள்ளி. அது பாமினி, ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் உருவம் போட்டுக் காட்டும் பழைய எழுத்துரு. அந்த எழுத்துருவில் ஜே விசைதான் ‘த’, அரைப்புள்ளிதான் புள்ளி. யாரோ அச்சகக் கோப்பிலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். சேர்வருக்கும் பிரவுசருக்கும் அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அதற்கு ஒரு மாற்றி நிரல் தேடித் தரட்டுமா என்று கேட்டேன். தேவையில்லை என்றார். அவருடைய அப்பா இருபது வருடம் கலியாணக் காட் அடித்தவராம், பாமினியில். திரையில் கிடந்த ஆங்கில எழுத்துகளைப் பார்த்தபடியே பதினொரு பெயரையும் ஒவ்வொன்றாக வாசித்துச் சொல்ல, மகள் இருந்து தட்டியிருக்கிறார்.